கனேலும் கண் எரியும் தரையும்

அக்டோபர் 3, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன். யாரைப் பற்றியும் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன், கனேலைப் பற்றி எழுதும்போதும்கூட. அதுதான் கஷ்டமாக இருக்கப்போகிறது.

கனேல் என் நாய்க்குட்டி. கனேல் என்றால் எங்கள் மொழியில் இலவங்கப்பட்டை. உடம்பெல்லாம் வெள்ளை, இடது காதும் வாலின் அடியும் மட்டும் பட்டை நிறம். எலி பிடிப்பதற்கென்றே பண்ணைகளில் வளர்த்த இனம் என்று நூலகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இவன் இதுவரை பிடித்தது என் சாக்ஸ் ஒன்று.

நான் டாக்னி. ஆறாம் வகுப்பு. ஒரு வாரம் மேட்டில் இருக்கும் அம்மா வீட்டில், மறுவாரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பா வீட்டில். வெள்ளிக்கிழமை வீடு மாறும் நாள். எங்கள் வகுப்பில் பலர் இப்படித்தான், இதில் எழுத ஒன்றுமில்லை. அம்மா வீட்டிலிருந்து மிதிக்காமலே சைக்கிளில் அப்பா வீட்டுக்கு இறங்கிவிடலாம். ஏறுவதுதான் பாடு.

எழுத வேண்டியது என்னவென்றால், கனேலுக்கும் இரண்டு வீடு வேண்டும். அம்மா பேருந்து ஓட்டுகிறாள். நான் அப்பாவிடம் இருக்கும் வாரங்களில் விடியற்காலைப் பேருந்துகளை எடுத்துக்கொள்வாள். அப்போதுதான் நான் வரும் வாரங்களில் அவளுக்குப் பகல் வேலை கிடைக்கும். இப்போதைக்கு விடுப்பு எடுத்துச் சமாளிக்கிறாள். இலையுதிர் விடுமுறையோடு அது தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு நான் போகிற வாரமெல்லாம் கனேலும் என்னோடு அப்பா வீட்டுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் பிறந்த பண்ணைக்கே திரும்ப வேண்டியதுதான். அம்மா இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். நானும் சரி என்று தலையாட்டினேன். அப்போது அவன் வெறும் புகைப்படம்.

அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வீட்டுக்குள் ஈரம் கூடாது.

இன்றைய செய்தி: காலையில் கனேல் தானாகவே கதவருகே போய் முன்னங்காலால் சுரண்டினான். யாரும் சொல்லவில்லை! ஓடிப்போய்த் திறந்தேன். வேலியோரம் போய் வேலையை முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ஈரல் பேஸ்ட்டை விரலில் எடுத்து நக்கக் கொடுத்தேன். அம்மா ஜன்னலிலிருந்து கைதட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அக்டோபர் 5, வியாழன்

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒரு சொட்டுகூட. எழுதினால் கண் பட்டுவிடுமோ?

அக்டோபர் 8, ஞாயிறு (அப்பா வீடு)

அப்பா வீட்டுத் தரையைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஓக் மரப் பலகைத் தரை. அதற்கு வார்னிஷ் கிடையாது. வெள்ளை சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்து வாராவாரம் துடைத்துத் துடைத்து, பால் ஆடை மாதிரி வெளுத்திருக்கிறது. ஒரு துளி காப்பி விழுந்தால்கூடக் கறை உள்ளே இறங்கிவிடும். தரை வீட்டுக்காரருடையது. வரப்போகும் நாயோ என்னுடையது.

அப்பா பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறார். அந்தத் துல்லியத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். கரண்டிகள்கூட ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்.

"அந்த அருவி எப்படி இருக்கு?" என்று கேட்டார். கனேலை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"அருவி வத்திடுச்சு, அப்பா. இப்பெல்லாம் அவனே கதவைச் சுரண்டுறான்."

"கதவையா? எந்த அளவுக்குச் சுரண்டுறான்?"

விடுமுறை முடிந்து 20ஆம் தேதி அவனைக் கூட்டிவரலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அவனுக்கும் சேர்த்துச் சின்ன அறைக்கு வெள்ளை அடிக்கப் போகிறாராம். நாய்க்குப் புது வெள்ளை எதற்கு என்று கேட்டேன். "விருந்தாளி வர்றப்ப வீடு சுத்தமா இருக்க வேண்டாமா?" என்றார்.

இங்கே நான் துணிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து அடுக்குவதில்லை. பல்துலக்கி அதன் உறையிலேயே இருக்கும், துலக்கிவிட்டுத் திரும்ப உறைக்குள் போட்டுவிடுவேன். எப்படியும் வெள்ளிக்கிழமை கட்டத்தானே வேண்டும்.

அக்டோபர் 14, சனி

போர்ன்ஹோல்ம் தீவுக்குப் போகும் கப்பலிலிருந்து எழுதுகிறேன். லீசெ சித்திக்குச் செம்புத் திருமணநாள். கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருடம், அதாவது வெள்ளி விழாவுக்குப் பாதி வழி. சித்தப்பாவுக்கு நாய் முடி பட்டால் மூக்கு வீங்கிவிடும். அதனால் கனேலை இன்று காலை குட்ருன் அம்மையாரின் நாய் விடுதியில் விட்டோம்.

வயல்களுக்கு நடுவே, பழைய பன்றிக் கொட்டகையில் நடக்கும் விடுதி. நீளமான சிமென்ட் தரை, இருபுறமும் கம்பி அடைப்புகள். குட்ருனுக்குக் கைகள் பெரியவை, குரலும் பெரியது.

"அழாத கண்ணு. இங்க வந்த நாய்ங்க திரும்பிப் போக மாட்டேன்னுதான் அழும்" என்றார்.

"அவன் கதவைச் சுரண்டினா வெளிய போகணும்னு அர்த்தம். வெளிய போனதும் 'இப்போ'ன்னு சொல்லணும், அப்பதான் போவான். அப்புறம் ஈரல் பேஸ்ட்—"

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன், பாட்டாவே பாடுறேன்."

அம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். கனேலின் போர்வையை அவன் அடைப்பில் போட்டுவிட்டு வந்தேன். அடைப்புக் கதவு கம்பியால் ஆனது. அதைச் சுரண்டினால் யாருக்குக் கேட்கும்?

அக்டோபர் 15, ஞாயிறு

விடியற்காலையில் எல்லோரும் சித்தி வீட்டு வாசலில் இலை வளைவு கட்டி, பாட்டுப் பாடி அவர்களை எழுப்பினோம். சித்தி இரவு உடையிலேயே வந்து அழுதாள். மாலை விருந்தில் அம்மா எழுதிய பாட்டைப் பாடினோம். சித்தப்பா இருபது முறை தும்மும் சரணத்துக்கு எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

அம்மாவும் அப்பாவும் செம்பு வரை போகவில்லை. வளைவைப் பிரிக்கும்போது அது நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

கனேல் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான்?

அக்டோபர் 18, புதன்

கனேல் வந்துவிட்டான்! என்னைப் பார்த்ததும் அவன் வால் ஆடவில்லை, உடம்பின் பின்பாதி முழுவதும் ஆடியது. குட்ருன் அப்போதுதான் அடைப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியும் நீளத் துடைப்பமுமாக. கண்ணெல்லாம் எரிந்து நீர் கொட்டியது. சந்தோஷத்தினால் என்று நினைத்துக்கொண்டேன்.

"தங்கமான குட்டி. ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் குட்ருன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை நடுவில் நின்று, என்னை நேராகப் பார்த்து, உட்கார்ந்து, பெய்தான். ஒளிந்து செய்யவில்லை. ஏதோ பாடம் ஒப்பிப்பது மாதிரி. முடித்துவிட்டு என் விரலைப் பார்த்தான், ஈரல் பேஸ்ட் எங்கே என்று.

அம்மா சொன்னாள், "பயணக் களைப்பு. விடு." துடைத்தாள்.

அக்டோபர் 19, வியாழன்

நான்கு முறை. அதில் மூன்று நேற்று பெய்த அதே இடத்தில்.

சோப்பு போதவில்லை, நாற்றம் நிற்கிறது என்று அம்மா பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து பெரிய புட்டியை எடுத்தாள். கப்பல் தளம் தேய்க்கிறவர்கள் தோற்றுப்போகும் அளவுக்குத் தேய்த்தாள். "இப்ப போகட்டும் பாக்கலாம்" என்றாள். போனான். தரை காயக்கூட இல்லை.

புத்தகம் என்ன சொல்கிறதென்றால், நாய்க்குட்டிகள் காலுக்கு அடியில் இருப்பதை வைத்துத்தான் இடத்தைக் கற்றுக்கொள்கின்றன. புல்லில் பழகியது புல்லைத் தேடும், சிமென்டில் பழகியது கெட்டியான தரையைத் தேடும். அதனால் பழைய தோட்டக் கல் ஒன்றைத் தூக்கிவந்து புல்லில் போட்டு, கனேலை அதன்மேல் நிறுத்தி "இப்போ" என்றேன். கல்லின்மேல் படுத்துத் தூங்கிவிட்டான்.

"அந்தப் புத்தகத்துல கனேல் படம் போட்டிருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"அப்ப வேற நாயப் பத்தி எழுதியிருக்காங்க போல."

அவள் சிரித்தாள். ஆனால் நாளை வெள்ளிக்கிழமை.

அக்டோபர் 20, வெள்ளி (அப்பா வீடு)

நடந்தபடியே எழுதுவேன் என்று சொன்னேன். எழுதுகிறேன்.

வழக்கம்போல அம்மா மாடிப்படியில் நின்றுகொண்டாள். எப்போதும் கால்மிதியைத் தாண்ட மாட்டாள், காலணியைக் கழற்ற மாட்டாள். பையை நீட்டுவாள், அப்பா வாங்குவார், "குளிரா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் "ஆமா" என்பார். இன்று பையோடு கனேலையும் நீட்டினாள்.

நான் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், விடுதியிலிருந்து வந்ததிலிருந்து சரியில்லை என்று. அப்பா யோசித்தார். "புது இடம் போய் வந்திருக்கான்ல. இங்க எல்லாம் சுத்தமா இருக்கு, பழைய நாத்தம் எதுவும் இல்ல. புதுசாத் தொடங்கட்டும்" என்றார். நல்லவர் எங்கள் அப்பா. சுவரெல்லாம் கழுவி வெள்ளையடித்து, தரையையும் கழுவி வைத்திருந்தார். கண்ணைக் கரிக்கும் அளவுக்குச் சுத்தம்.

கனேல் உள்ளே வந்தான். மூக்கைத் தூக்கினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, சத்தியமாக. தாழ்வாரத்தில் ஒன்று. கூடத்தில் ஒன்று. சின்ன அறையில் ஒன்று. அப்பா துணியோடு பின்னாலேயே ஓடினார். துடைத்த இடத்திலேயே இன்னொன்று. ஒரு சின்ன நாய்க்குள்ள அவ்வளவு தண்ணி எப்படி இருக்கும்? நான் அவனைத் தூக்கிட்டு மாடிப்படியில ஓடினேன், வழியெல்லாம் ஒழுகிட்டே வந்தான், முற்றத்துல இறக்கிவிட்டா ஒண்ணும் போகல, சும்மா என்னைப் பாத்து வாலாட்டுறான்— நான் என்னதான் பண்றது?

அப்பா திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கூடத்தில் பலகை கறுத்து ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னால முடியாது, டாக்னி. நானும் முயற்சி பண்ணினேன். பாத்தல்ல?"

பார்த்தேன்.

அக்டோபர் 21, சனி

அம்மா வந்து அவனை அழைத்துப் போனாள். சன்னலிலிருந்து பார்த்தேன். காரின் பின்கண்ணாடியில் பட்டை நிறக் காது ஒன்று மட்டும் தெரிந்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

அம்மா தொலைபேசியில் பேசினாள். இந்த வாரம் மட்டும் கூட வேலை செய்பவர் ஒருவர் விடியற்காலைப் பேருந்துகளை மாற்றிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை அவரால் முடியாதாம். வீட்டில் கனேல் குறையவில்லை, கூடியிருக்கிறான். தினமும் தரையைக் கழுவியே கை எரிகிறதாம்.

"பண்ணைக்குப் பேசிட்டேன், கண்ணு. கிரெஸ்டென் நல்ல மனுஷன். நாலாம் தேதி சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னார். அங்க அவனோட அம்மா இருக்கா, ஓட இடம் இருக்கு."

"சரி" என்றேன்.

"டாக்னி?"

"சரின்னு சொன்னேன்ல."

பள்ளிப் பாடம் எதுவும் எழுதவில்லை. அப்பா சூடான பால் கொண்டுவந்து வைத்தார், கரண்டியை நேராக்கிவிட்டுப் போனார்.

அக்டோபர் 27, வெள்ளி (அம்மா வீடு)

கனேல் வளர்ந்திருக்கிறான். பாதம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. மடியில் பாதிதான் கொள்கிறது. மீதிப் பாதி தொங்கிக்கொண்டு தூங்குகிறது.

அக்டோபர் 28, சனி

இன்று நிறைய நடந்தது. முறையாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும்.

கனேலின் போர்வையை விடுதியிலேயே மறந்துவிட்டோம். பண்ணைக்குப் போகும்போது அவனுக்கு அது வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். போனோம். கனேலையும் கூட்டிக்கொண்டு.

குட்ருன் வாளியோடு நின்றிருந்தார். கொட்டகைக்குள் போனதும் என் கண் எரிந்தது. இந்த முறை எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அப்படியென்றால் ஏன் எரிகிறது?

"இதுல என்ன ஊத்துறீங்க?" என்று கேட்டேன்.

"அம்மோனியா. நாப்பது வருஷமா இதாலதான் கழுவுறேன். எந்த நாயும் புகார் சொன்னதில்ல."

"ராத்திரி கனேல் எங்க போனான்?"

"எங்க போவான்? அடைப்புக்குள்ளதான். ராத்திரி ஒவ்வொண்ணையும் கூட்டிட்டு உலாத்த முடியுமா? காலையில கழுவிவிட்டாப் போச்சு. அதுக்குத்தானே சிமென்ட் போட்டிருக்கு."

அப்போது கனேல் கயிற்றை இழுத்துக்கொண்டு நேராகப் போனான். காய்ந்த அடைப்புகளை எல்லாம் தாண்டி, அவர் அப்போதுதான் கழுவிய ஈரமான அடைப்புக்குள் போய் உட்கார்ந்தான். பெய்தான்.

குட்ருனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா! என்ன சமத்து! இங்க கத்துக்கிட்டத மறக்கவே இல்ல பாரு!"

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காரில் ஏறியதும் கேட்டேன். "அம்மா, அந்தப் பெரிய புட்டியில என்ன இருக்கு?"

அம்மா சாவியைத் திருப்பவில்லை. "அம்மோனியா" என்றாள்.

"அப்பா வீட்டுலயும் என் கண் எரிஞ்சுது."

"உங்கப்பா வெள்ளையடிச்சார்ல. அடிக்கிறதுக்கு முன்னாடி சுவரை எல்லாரும் அதாலதான் கழுவுவாங்க. எங்கப்பாவும் அப்படித்தான் செய்வார்..." அம்மா நெற்றியை ஸ்டீயரிங்கில் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். "நான் தினம் தினம் முட்டி போட்டுத் தேச்சு, அவனுக்குக் கழிப்பறை கட்டிக் குடுத்திருக்கேன்!"

கனேல் பின்னிருக்கையில் போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் எதையும் மறக்கவில்லை. புதிதாக ஒன்று கற்றுக்கொண்டு வந்திருந்தான். இந்த நாற்றம் வரும் இடம்தான் அதற்கான இடம் என்று. முதல் நாள் பெய்தது விடுதிப் பழக்கம். அதற்குப் பிறகு நாங்கள்தான் வீடு முழுக்க அதைப் பூசிவைத்தோம்.

ஆனால் இது என் எண்ணம் மட்டும்தான். நாளை சோதித்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 29, ஞாயிறு

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த நாள். அதனால் சோதனைக்கு வெளிச்சம் சீக்கிரமே கிடைத்தது.

தோட்டத்தில் கற்களை வரிசையாகப் போட்டேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் வினிகர், ஒன்றில் சில சொட்டு அம்மோனியா. கனேலை அவிழ்த்துவிட்டேன். வினிகரை மோந்து தும்மினான், சித்தப்பா மாதிரி. தண்ணீரை நக்கினான். மூன்றாவது கல்லில் உட்கார்ந்தான்.

மதியம் கற்களின் இடத்தை மாற்றிப் போட்டேன். மறுபடியும் அதே கல்தான்.

அம்மா புட்டியைக் கொண்டுபோய்த் தோட்டக் கொட்டகைப் பலகையில் வைத்தாள். நாங்கள் இருவரும் வீட்டுத் தரையை வெந்நீரால், பிறகு வினிகரால், பிறகு பச்சைச் சோப்பால் கழுவினோம். "இதுக்கப்புறம் நம்ம வீட்டுத் தரையில பிரசவமே பாக்கலாம்" என்றாள் அம்மா.

அக்டோபர் 31, செவ்வாய்

நேற்று ஒன்று. இன்று ஒன்றுமில்லை. மாலையில் நின்று, யோசித்து, கதவிடம் போய் நின்றான். சுரண்டவில்லை. நின்றான், அவ்வளவுதான். நான் திறந்தேன்.

நவம்பர் 1, புதன்

அம்மா அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். செய்தி அனுப்பவில்லை, கூப்பிட்டாள். நான் படியில் உட்கார்ந்து கேட்டேன். அம்மா பேசியது மட்டும்தான் கேட்டது.

"டோர்பென், நான்தான் பேசுறேன்... இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ சுவரை எதால கழுவின?... அதான் கேட்டேன். வெறும் சுவர் மட்டுமா?... தரையுமா? ஏன்?... வாளியில மிச்சம் இருந்துச்சா! வீணாக்க மனசு வரலையா!" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இல்ல, உன்னைப் பாத்துச் சிரிக்கல. என்னையும் சேத்துத்தான் சிரிக்கிறேன். கேளு, இங்கேயும் அதே கதைதான்..."

ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் அவள் குரல் இறங்கியது. "ஒரே ஒரு வாரம். ஆகலைன்னா நான் கிரெஸ்டென்கிட்ட குடுத்துடுறேன், உன்னை மறுபடி கேக்க மாட்டேன். ... அந்தக் கறையா? அதை நாங்க வந்து பாக்குறோம்."

கிரெஸ்டெனிடம் நாலாம் தேதி வர வேண்டாம், அடுத்த வெள்ளி பத்தாம் தேதி வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

நவம்பர் 3, வெள்ளி (அப்பா வீடு)

அம்மா படியேறி வந்தாள். கையில் சோப்புச் சீவல் பொட்டலம், வினிகர், இரண்டு வாளி. கால்மிதியில் நின்றாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குளிரா இருக்கு" என்றார். "ஆமா" என்றாள் அம்மா. பிறகு குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தாள்.

அவளுடைய ஒரு சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

கனேலைக் குளியல் தொட்டியில் போர்வையோடு விட்டோம். மூன்று பேரும் முட்டி போட்டுத் தாழ்வாரத்திலிருந்து தொடங்கினோம்.

"பலகை ஓட்டத்துலயே தேய்க்கணும், பிர்கிட்டெ. குறுக்க இல்ல."

"நான் தரை தொடைக்கிறது உனக்கு இப்பதான் முதல் தடவை தெரியுதா?"

"குறுக்கத் தேச்சா நார் எழும்பிடும்."

"எழும்பட்டும். நாய்க்கு எலி பிடிக்க வசதியா இருக்கும்."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளிக்குள் முகத்தைத் திருப்பினார். குளியலறையிலிருந்து கனேல் ஊளையிட்டான். சுவர்களின் அடிக்கட்டையைக்கூட விடவில்லை. வினிகர் நாற்றம் போய், கடைசியில் சோப்புச் சீவல் வாசனை மட்டும் வந்தது. கறை மங்கிவிட்டது, ஆனால் போகவில்லை. அப்பா அதைப் பார்த்தார். "ஓக் மரம்தானே, கணு இருக்கத்தான் செய்யும்" என்றார், அம்மா காதில் விழும்படி.

அம்மா கறுப்பு ரொட்டியில் மீன் வைத்துத் தின்றுவிட்டுத்தான் கிளம்பினாள். நின்றபடியே தின்றாள். ஆனாலும் தின்றாள்.

புட்டியில் மிச்சமிருந்த அம்மோனியாவை அப்பா எறியவில்லை (வீணாக்க மனசு வரலை). கீழே முற்றத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் சரளைக்கற்களில் சில சொட்டு விட்டார். கனேலை இறக்கிக் கொண்டுபோனேன். மூக்கைத் தூக்கினான். நேராக அங்கே போனான். அப்பா மேல்மாடிச் சன்னலைத் திறந்து, "வேலை செய்யுதா?" என்று கத்தினார். கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

நவம்பர் 5, ஞாயிறு

ஒன்றுமில்லை. ஆனால் கதவிடமும் போவதில்லை. நான் நேரம் பார்த்துக் கூட்டிப்போனால் போகிறான், அவ்வளவுதான். நான் பள்ளியில் இருக்கும்போது அப்பா மதியம் வேலையிலிருந்து வந்து கூட்டிப்போக வேண்டும். அவருக்கு மறந்துவிட்டால்?

கனேல் இன்னும் அப்பா வீட்டுக் கூடத்தில் சுவரோரமாகவே நடக்கிறான். நடுவில் படுக்க மாட்டேன் என்கிறான்.

நவம்பர் 7, செவ்வாய்

மறைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். இன்று ஒன்று. அப்பாவின் செருப்புக்குள்.

பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா ஈரச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிப் பையைக் கீழே போட்டேன்.

"இது கணக்குல வராது" என்றார். "நான்தான் லேட். வாசல்ல வந்து நின்னிருக்கான், கதவு தொறக்கல. இருக்கறதுலயே தரைக்குச் சேதம் வராத இடமாப் பாத்துப் போயிருக்கான். அவன் செஞ்ச ஏற்பாடு, நான் செய்யுற மாதிரியே இருக்கு."

வாசலில் நின்றான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கதவின் அடியைக் காட்டினார். வெள்ளை வண்ணத்தில் மெல்லிய கோடுகள். நான்கு நகக் கோடுகள்.

அப்பா வீட்டுக் கதவைச் சுரண்டியிருக்கிறான்!

நவம்பர் 8, புதன்

நல்ல மழை. சைக்கிளில் மேட்டுக்கு ஏறிப்போய் அம்மா வீட்டிலிருந்து என் புத்தகங்களை எடுத்துவந்தேன். ஏறுவதுகூடக் கஷ்டமாகத் தெரியவில்லை.

நவம்பர் 9, வியாழன்

நாளை பத்தாம் தேதி. இன்று முழுவதும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரவு உணவுக்கு உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும். நாளை வாத்துச் சமைக்கும் பண்டிகை என்பதால் அப்பா வாத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். "நீங்க மட்டும்தானே? நாளைக்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேனே" என்றேன்.

"அம்மாவும் வர்றாளாம். சாப்பிட்டுட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறதா சொன்னா."

ரெண்டு பேரையும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கிரெஸ்டெனுக்கு மத்தியானமே பேசிட்டேன்" என்றார் அப்பா, உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே. "மழையில அவ்வளவு தூரம் வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் கேட்டார், நாய் எப்படி இருக்குன்னு. என் கதவைச் சுரண்டிக் கெடுத்துட்டான்னேன். 'அப்ப சரி, நல்லாப் பழகிட்டான்'ன்னார்."

நான் எழுந்துபோய் அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். "மெதுவா, மெதுவா, கையில கத்தி" என்றார்.

கனேல் இன்று கூடத்தின் நடுவில், மங்கிய கறையின்மேல் சரியாக அந்த வட்டத்துக்குள் சுருண்டு படுத்திருந்தான். அளந்து வரைந்த மாதிரி.

இப்போது படுக்கையில் இருந்து எழுதுகிறேன். பத்து நிமிடம் முன்பு தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. நகம், வண்ணத்தின்மேல். எழுந்திருக்கப் போர்வையைத் தள்ளினேன். அதற்குள் அப்பாவின் செருப்புச் சத்தம்.

"சரி சரி, வந்துட்டேன். பொறு கனேல், காலணி போடட்டும். இப்போ... இப்போ..."

படிகளில் இறங்கிப்போனார்கள். முற்றத்தில் அப்பா "இப்போ" என்று சொல்வது சன்னல் வழியாகக் கேட்டது. அப்புறம் குளிர்பெட்டி திறக்கும் ஓசை, ஈரல் பேஸ்ட்டுக்கு.

பையை இன்னும் கட்டவில்லை. பல்துலக்கி குளியலறைக் குவளையில் அப்பாவின் பல்துலக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலையில் மறக்காமல் எடுக்க வேண்டும். மறந்தாலும் பரவாயில்லை, அங்கேயே இருக்கட்டும்.

கனேல் ஈரக் காலோடு வந்து என் பாதங்களின்மேல் விழுந்துவிட்டான். அப்பா கதவிடுக்கில் தலையை நீட்டி, "எழுதினது போதும்" என்கிறார். இந்த வரியோடு விளக்கை அணைக்கிறார்.